கொட்டகையில் கிடக்கும் பழைய தீயணைப்பு வண்டி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: ஒரு சிறு நகரத்துக்குச் சொந்தமான தீயணைப்பு வண்டி பல வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது. 1920களில் வாங்கியது என்று பேச்சு. அதன் வரலாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, மறுபடி ஓட வைப்பது எப்படி, முழுக்கப் பிரித்துச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். சும்மா கிடக்கும்போது இந்த வண்டிகள் மெதுவாகத்தான் கெடும். ஆர்வக் கோளாறில் யாராவது மணல் வீச்சு இயந்திரத்தோடு வந்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். வண்டியின் வரலாற்றில் பாதி அந்தப் பெயின்ட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

பழைய கார்களை மீட்பவர்கள் சொல்லும் யோசனைகளையும் அப்படியே இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. கார் ஓடி ஓடித் தேய்ந்திருக்கும். தீயணைப்பு வண்டி நின்ற இடத்தில் தேய்ந்திருக்கும். ஓடிய தூரத்தைப் பார்த்தால் சொற்பம். ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் சூடேறாத இஞ்சினை முழு வேகத்தில் விரட்டியிருப்பார்கள். போய்ச் சேர்ந்த பிறகு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திப் பம்பை ஓட்டியிருப்பார்கள். வண்டி நகராதபோது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடையாது. அதனால்தான் பல வண்டிகளில் பம்பு நீரிலிருந்தே ஒரு சிறு குழாயை எடுத்து இஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கும். ஓடிய தூரம் குறைவு என்று யாராவது சொன்னால் அதில் மயங்க வேண்டாம்.

சரி, வரலாறு. 1829ல் லண்டனில் பிரெய்த்வெய்ட், எரிக்சன் என்ற இரு பொறியாளர்கள் சேர்ந்து நீராவியில் இயங்கும் தீயணைப்பு இயந்திரத்தைச் செய்தார்கள். ஆனால் கையால் பம்பு அடித்துப் பழகிய குழுக்கள் அதை லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் 1853ல் நீராவிக்கு மாறிய பிறகுதான் மற்ற நகரங்களும் மெல்லத் திரும்பிப் பார்த்தன. இழுப்பதற்குக் குதிரை, தண்ணீர் அடிப்பதற்கு நீராவி என்று அரை நூற்றாண்டு ஓடியது. 1906ல் வாட்டரஸ் நிறுவனம் பெட்ரோல் வண்டி ஒன்றைச் செய்தது. அதில் ஓட்டத்துக்கு ஓர் இஞ்சின், பம்புக்குத் தனியாக இன்னொன்று. மறு வருடமே ஒரே இஞ்சின் இரண்டு வேலையையும் பார்க்கும் வண்டி வந்துவிட்டது. இன்றைக்கும் அடிப்படை அதுதான்: கியரைப் போட்டால் சக்கரத்துக்கு, மாற்றிப் போட்டால் பம்புக்கு.

நடுவில் ஒரு வேடிக்கையான காலமும் உண்டு. நல்ல நிலையில் இருந்த நீராவி இயந்திரங்களைத் தூக்கிப்போட மனமில்லாத நகரங்கள், குதிரையை மட்டும் அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு சக்கர மோட்டார் முன்பகுதியைப் பூட்டின. அதைப் பெரிய அளவில் செய்து விற்றவர் ஜான் வால்டர் கிறிஸ்டி. பிற்பாடு டாங்கிகளுக்கு அவர் வடிவமைத்த சஸ்பென்ஷன்தான் சோவியத் டி-34 வரை போனது.

சிறு நகரங்களின் கதை வேறு. அமெரிக்கன் லாஃபிரான்ஸ், சீகிரேவ், ஆரன்ஸ்-ஃபாக்ஸ் போன்ற பெரிய பெயர்களிடம் புது வண்டி வாங்கும் வசதி எல்லா ஊருக்கும் இருந்ததில்லை. சிலர் பெரிய நகரம் கழித்துவிட்டதை வாங்கினார்கள். இன்னும் பலர் ஃபோர்டு, செவர்லே மாதிரி சாதாரண லாரி சேஸியை வாங்கி, வேறொரு பட்டறையில் பாடி கட்டி, மூன்றாவது ஓரிடத்திலிருந்து பம்பைத் தருவித்துப் பொருத்தினார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் பம்பு துருத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஆகவே வண்டியின் வயது என்ன என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் இருக்கலாம். சேஸி எண், பாடி கட்டியவரின் தகடு, பம்பின் தகடு மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே வருடத்தைக் காட்டினால் அது அதிர்ஷ்டம்.

காகிதத் தேடலை நகர்மன்றக் கூட்டக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். தீயணைப்பு வண்டி என்பது சிறு ஊருக்குப் பெரிய செலவு. வாக்குவாதம் இல்லாமல் அது நிறைவேறியிருக்காது. அப்புறம் காப்பீட்டு ஆவணங்கள். ஊரில் எந்தத் திறனுள்ள பம்பு இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் தீக்காப்பீட்டுக் கட்டணத்தை முடிவு செய்தன. நெருப்புக்குப் பயந்து வாங்கிய ஊர்கள் உண்டு. கட்டணம் குறையும் என்று கணக்குப் போட்டு வாங்கிய ஊர்களும் உண்டு. அதனாலேயே பம்பின் சோதனை முடிவு எங்காவது எழுத்தில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். குழுவின் அழைப்புப் பதிவேடு கிடைத்தால் புதையல் மாதிரி.

புகைப்படங்களில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதில் எடுத்த படத்தில் பளிச்சென்ற சிவப்பு வண்டி கருப்பாகத் தெரியும். பழைய படத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் வண்டி முதலில் கருப்பு என்று முடிவு கட்டிக் கருப்படிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். எல்லா வண்டியும் சிவப்பாகத்தான் இருந்தது என்பதும் சரியல்ல. வெள்ளை இருந்தது, 1970களில் எலுமிச்சை மஞ்சள் ஒரு சுற்று வந்து போனது.

நிறத்துக்கு வண்டியைத்தான் கேட்க வேண்டும். ஏணி மாட்டும் கொக்கிகளுக்கு அடியில், இருக்கைக்குக் கீழே, தகடுகளுக்குப் பின்னால் என்று வெயிலும் பாலிஷும் படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, நாணய அளவுக்கு மட்டும், நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்துக்கொண்டே போனால் அடுக்கடுக்காக வளையங்கள் தெரியும். மேலே கடைசியாக அடித்த சிவப்பு, அதற்குக் கீழே வேறு சிவப்பு, நடுவில் மஞ்சள், அடியில் கருஞ்சிவப்பு, கடைசியில் அடிப்பூச்சின் சாம்பல். ஒவ்வொரு வளையமும் ஒரு காலம். காய்ந்ததும் படமெடுத்து, நிறத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. உலர்த் தேய்ப்பு கூடவே கூடாது, முகமூடி கட்டாயம், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இன்னொரு வேலை இரவில் செய்ய வேண்டியது. கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பானெட்டின் பக்கவாட்டோடு ஒட்டினாற்போல் பிடித்துச் சாய்வாக ஒளியை அடியுங்கள். மேலே எத்தனை கோட் அடித்திருந்தாலும் பழைய எழுத்துகளின் விளிம்பு மெல்லிய மேடாக நிழல் போடும். பெரிய நகரத்தின் பெயரோ, வேறொரு குழுவின் எண்ணோ அப்படித் தலைகாட்டினால், வண்டி இரண்டாம் கையாக வந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். மணல் வீசினால் முதலில் அழிவது இதுதான்.

ஹோஸ் மாட்டும் வாய்களின் மரையையும் அளந்து பாருங்கள். 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் என்று பல ஊர்களிலிருந்து வண்டிகள் ரயிலேறி வந்தன. வந்து பார்த்தால் பல ஹோஸ்கள் அந்த ஊர் ஹைட்ரண்டில், அதாவது தெருவோரத் தீயணைப்புக் குழாயில், பொருந்தவில்லை. மரை வேறு! 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அதற்குப் பிறகுதான் பொது அளவு மரை என்ற பேச்சே வலுத்தது. அப்போதும் பல ஊர்கள் தங்கள் பழைய அளவை விட்டுக்கொடுக்கவில்லை. எனவே உங்கள் வண்டியில் விநோதமான மரை இருந்தால் அது எந்த ஊருக்கு உழைத்தது என்பதற்கு அதுவே சாட்சி. இன்றைய ஹோஸ் பொருந்தவில்லை என்று அதைக் கடைந்துவிடாதீர்கள், அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.

வேலையில் கை வைப்பதற்கு முன் ஆபத்தான சாமான்களை இறக்கிவிட வேண்டும். பித்தளையில் அழகான சின்னக் கைப்பம்பு மாதிரி ஒரு தீயணைப்பான் வண்டியில் மாட்டியிருக்கும். குலுக்கினால் உள்ளே திரவம் சத்தம் போட்டால் அது கார்பன் டெட்ராகுளோரைடாக இருக்கலாம். ஆவியே விஷம், நெருப்பில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சிவப்புத் திரவம் நிரம்பிய கண்ணாடி உருண்டைகளிலும் இதே ஆபத்து உண்டு. திறக்காமல், கொட்டாமல், அபாயக் கழிவுகளைக் கையாள்பவர்களிடம் கொடுங்கள். காலிக் கூட்டைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொள்ளலாம். செம்பு டாங்கி இருந்தால் அது பெரும்பாலும் சோடா-அமில வகை: சமையல் சோடாக் கரைசலில் கந்தக அமிலத்தைக் கவிழ்த்து, பொங்கும் கரியமில வாயுவின் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவது. தண்ணீர்த் தொடர்பு இல்லாத சிறு ஊர்களுக்கு ஒரு காலத்தில் இதுதான் கதி. பாலிஷ் போட்டு வையுங்கள், ஆனால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். இதே வகையில் கவிழ்த்துப் பயன்படுத்தும் கைத் தீயணைப்பான்கள் பல இடங்களில் வெடித்திருக்கின்றன. அமெரிக்காவில் 1969ல் அவற்றின் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள்.

இனி இஞ்சின். பேட்டரியை மாட்டி ஒரு தடவை அடித்துப் பார்ப்போமே என்று யாராவது சொல்வார்கள். அவரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு தளர்த்தும் எண்ணெய் விட்டு, சில வாரம் ஊற வைத்து, பிறகு கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நகரவில்லை என்றால் மறுபடி எண்ணெய், மறுபடி பொறுமை. நெம்புகோல் வேண்டாம், வால்வு ஒட்டியிருந்தால் வளைந்துவிடும். எண்ணெய்த் தொட்டியைக் கட்டாயம் இறக்குங்கள். அடியில் கறுப்புக் களிம்பு கெட்டியாகப் படிந்திருக்கும். அதை எடுக்காமல் இன்றைய டிடர்ஜென்ட் எண்ணெயை ஊற்றினால், அது களிம்பைக் கரைத்துக்கொண்டுபோய் எண்ணெய் வழிகளை அடைத்துவிடும். உள்ளே வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிய பேரிங்குகள்தான் இருக்கும். கடையில் வாங்கி மாட்டும் சரக்கு அல்ல. ஊற்றிக் கடைந்து தரத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் பேரிங்கைக் கெடுக்காமல் இருப்பதுதான் இதில் பெரிய சேமிப்பு.

ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் இருந்தால் குழம்ப வேண்டாம். பாதி வழியில் இஞ்சின் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே பேட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னெட்டோ ஒன்று, பேட்டரி வழி ஒன்று என்று இரட்டை மின்பொறி ஏற்பாடு வைத்தார்கள். முதல் ஓட்டத்தில் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். கைப்பிடியால் சுற்றி ஸ்டார்ட் செய்வதானால், மின்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, மேல்நோக்கி இழுக்கவும். இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும்.

உதிரி பாகம் சில சமயம் எதிர்பாராத திசையிலிருந்து வரும். பியர்ஸ்-ஆரோ கார் நிறுவனம் 1938ல் மூடிய பிறகு அதன் 12 சிலிண்டர் இஞ்சின் வடிவமைப்பை சீகிரேவ் வாங்கித் தன் தீயணைப்பு வண்டிகளில் பல ஆண்டுகள் போட்டது. இன்று அந்தக் கார்களை வைத்திருப்பவர்களும் சீகிரேவ் வண்டி வைத்திருப்பவர்களும் ஒரே பாகங்களைத் தேடுகிறார்கள். அமெரிக்கன் லாஃபிரான்ஸ் 2014ல் கதவடைத்துவிட்டது. ஆனாலும் அந்த நிறுவனம் வண்டிக்குக் கொடுத்த பதிவு எண்ணை வைத்து விவரம் தேடித் தரும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். 1958ல் தொடங்கிய ஸ்பாம்ஃபா என்ற சங்கம் இப்படிப்பட்டவர்களுக்கென்றே இருக்கிறது.

பம்புக்கு வருவோம். இங்கேதான் நேரத்தையும் பணத்தையும் போட வேண்டும். மூன்று வகை உண்டு. முதலாவது பிஸ்டன் பம்பு. ஆரன்ஸ்-ஃபாக்ஸ் வண்டியின் முன்னால் பளபளக்கும் பெரிய உருண்டை அலங்காரம் அல்ல, பிஸ்டன் துடிப்பைச் சமன்செய்யும் காற்றறை. அடுத்து, இரண்டு உருளைகள் பல்லோடு பல் கோர்த்துச் சுழலும் ரோட்டரி. மூன்றாவது, சுழலும் சக்கரத்தின் வேகத்தால் தண்ணீரை வெளியே வீசும் சென்ட்ரிஃபூகல், இன்று எங்கும் இருப்பது. முதல் இரண்டு தானாகவே குளத்திலிருந்து உறிஞ்சும். மூன்றாவதற்குக் காற்றை வெளியேற்றத் தனி பிரைமர் வேண்டும். எதுவாக இருந்தாலும் வளிமண்டல அழுத்தம் தண்ணீரைத் தள்ளும் உயரம் கணக்குப்படி சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் உடலில் விரிசல் தேடுங்கள். குளிர் ஊர்களில் தண்ணீரை வடிக்காமல் விட்ட ஓர் இரவு போதும், உறைந்து விரிந்து வார்ப்பைப் பிளந்துவிடும். பிறகு ஷாஃப்ட் வெளியே வரும் இடத்திலுள்ள கயிற்றுப் பேக்கிங்கை மாற்றுங்கள். ஒழுகுகிறதே என்று நட்டை இறுக்கிக்கொண்டே போவார்கள் சிலர். அந்த இடம் ஓடும்போது சொட்டத்தான் வேண்டும்; அந்தச் சொட்டுதான் ஷாஃப்ட்டுக்குக் குளிர்ச்சியும் வழுக்கலும். சொட்டை நிறுத்தினால் பேக்கிங் கருகி ஷாஃப்ட்டில் கோடு விழும்.

தண்ணீர் விடுவதற்கு முன் வெறும் வெற்றிடச் சோதனை. எல்லா வாயையும் மூடி, பிரைமரால் 22 அங்குலப் பாதரசம் வரை வெற்றிடம் இழுத்து நிறுத்துங்கள். 5 நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்பது இன்றைய வண்டிகளுக்கான அளவுகோல். பழைய வண்டி அதை எட்டாமல் போகலாம், பரவாயில்லை. காற்று எங்கே நுழைகிறது என்று காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. தண்ணீர் ஓட்டும்போது வடிகட்டி இல்லாமல் உறிஞ்சாதீர்கள். ரோட்டரி பம்பில் உருளைக்கும் உறைக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரு பிடி மணல் அதைத் தின்றுவிடும். பிஸ்டன், ரோட்டரி இரண்டிலும் எல்லா வாயையும் மூடிக்கொண்டு ஓட்டவே கூடாது. தண்ணீர் சுருங்காது, அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிட வேண்டிய ரிலீஃப் வால்வு ஒட்டியிருந்தால் ஹோஸ் வெடிக்கும், இல்லையென்றால் பம்பு உடையும். ஆகவே அந்த ரிலீஃப் வால்வைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் ஸ்டார்ட் செய்ய யாரையும் விடாதீர்கள்.

சக்கரம், பிரேக் பற்றிச் சுருக்கமாக. டயரில் பட்டன் தேயவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. ரப்பர் வயதாலேயே வெடிக்கும். மரச் சக்கரத்தில் ஆரக்கால் ஆடினால் தண்ணீரில் ஊற வைத்து இறுக்கும் பழைய வித்தையை யாராவது சொல்வார்கள். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். 1920களின் பல வண்டிகளில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான். எனவே ஊர்வலத்துக்குத் தண்ணீர் டாங்கியைக் காலியாக வைத்துப் போங்கள்; பாதி நிரப்புவது எல்லாவற்றிலும் மோசம், திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக அலைந்து வண்டியையே சாய்க்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு பெயின்ட்டைப் பேசலாம். பழைய அடுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் வரை கழுவி, மெழுகு போட்டு அப்படியே வைப்பதுதான் என் கட்சி. உதிர்ந்தே தீரும் நிலை என்றால் அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு கதவையோ பெட்டியின் உட்பக்கத்தையோ தொடாமல் விட்டுவையுங்கள். எழுத்தும் கோடும் பழைய வண்டிகளில் அசல் தங்க ரேக்கில் செய்தவை. ஸ்டிக்கரில் அந்த ஒளி வராது. பசை தடவி, அது விரலில் ஒட்டாமல் கிறீச்சிடும் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து ரேக்கை வைக்கும் கைவேலை அது. பலகை எழுதும் பழைய ஓவியர் கிடைத்தால் விடாதீர்கள். முலாம் விஷயத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் குரோம். 1920களின் பிற்பகுதியில்தான் வண்டிகளில் குரோம் பரவியது. அதற்கு முன் நிக்கல். நிக்கல் சற்று மஞ்சள் சாயலில் மென்மையாக மின்னும். 1922 வண்டியில் கண்ணைப் பறிக்கும் குரோம் மணியைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு இரண்டு பழக்கம் போதும். தண்ணீர் ஓட்டிய ஒவ்வொரு முறையும் எல்லா வடிகுழாயையும் திறந்து, பம்பைச் சில சுற்று வெறுமனே சுற்றி முழுக்க வடித்துவிடுங்கள். உப்புத் தண்ணீரோ கலங்கல் தண்ணீரோ ஓட்டியிருந்தால் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிட்டு வடியுங்கள். மற்றது, பின்படியில் யாரையும் நிற்க வைத்து ஓட்டாதீர்கள். அந்தக் காலத்தில் வீரர்கள் அப்படித்தான் போனார்கள், விழுந்து இறந்தவர்களும் உண்டு. படத்துக்கு ஏறி நிற்க வேண்டுமானால் வண்டியை நிறுத்திய பிறகு ஏறட்டும்.